நோலீன் வீட்டுக் குட்டி மலைப்பாம்பு

நோலீன் வீட்டுச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் அதே பாம்பு மறுபடியும் சுருண்டு கிடந்தது. முதுகில் அதே பிறைத் தழும்பு. மெர்வினைப் பார்த்து நாக்கை நீட்டியது. பழிப்புக் காட்டியது என்று அவர் சத்தியமே செய்வார்.

ஆஸ்திரேலியாவின் பில்பரா செம்மண் பூமியில் பாம்பு பிடிக்க வேண்டுமென்றால் மெர்வின்தான். கொடிய விஷப்பாம்புகளையெல்லாம் பைக்குள் தாலாட்டித் தூங்க வைத்த கட்டைப் பிரம்மச்சாரி. ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை போனதாகச் சரித்திரமே இல்லை. இதுவோ, விஷமில்லாத குட்டி மலைப்பாம்பு. முழுசாக வளர்ந்தாலே ஒரு முழம்தான்!

"நானும் சும்மா சும்மா கூப்பிடுறேன், மன்னிச்சுக்குங்க," என்று டீயை நீட்டினாள் நோலீன். கணவர் காலமானபின் தனியாக இருப்பவள்.

"இல்லம்மா. பிடிச்ச எடத்துக்குப் பக்கத்துலயே விடணும், அதான் முறை. தூரமா விட்டா பாவம், தடம் தெரியாம செத்துப்போகும்."

ஓடைக்கு அந்தப் பக்கம், கறையான் புற்றில் விட்டார். சனிக்கிழமை திரும்பி வந்தது. சுவர் ஓட்டைகளை சிமென்ட்டால் அடைத்தார். பாம்பு சமையலறைக்கே குடிவந்தது. கதவிடுக்குகளுக்கு ரப்பர் அடித்தார். கேக் டப்பாவுக்குள் கிடந்தது.

"மூடி போட்டிருந்துச்சா?"

"இறுக்கமா," என்றாள் நோலீன், டீக் கோப்பைக்குள் பார்த்தபடி.

"எமகாதகப் பய! மயிரிழை இடுக்கு போதும் இவனுக்கு," என்று மெர்வின் வியந்தார்.

மதுக்கடையில் செய்தி பரவியது.

"டேய் மெர்வ், நீ பாம்பைப் பிடிக்கிறியா, பாம்பு உன்னைப் பிடிக்குதா?"

மெர்வினுக்குப் பியர் இறங்கவில்லை. முப்பது வருஷத்துப் பெயர் ஒரு முழப் பாம்பிடம் பறிபோய்க்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நோலீன் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னால ஆகல நோலீன். தோத்துட்டேன். கராத்தா டவுன்ல பாம்பு பிடிக்கிற ஒரு இளவட்டம் இருக்கான், கெட்டிக்காரன். இனி அவன் வருவான்."

நோலீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவன் எதுக்கு? நீங்கதான் நல்லாப் பிடிக்கிறீங்களே!"

"எங்க பிடிக்கிறேன்? போன வேகத்துல திரும்பி வந்துடுதே!"

வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தெல்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாயில் கவ்வியிருந்த கிளிப்பைத் துப்பினாள்.

"யோவ் மெர்வின், நீ எங்கய்யா தோத்தே? பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுற பொம்பள, வெள்ளிக்கிழமை தவறாம ஓடையைத் தாண்டிப் போயி, புத்துக்குள்ள கைய விட்டுத் துழாவி, அதைத் தூக்கிட்டு வர்றாய்யா!"