வெருட்டு வீதம்

லாச்சப்பல் இணையச் சீட்டாட்டக் கழகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஓராம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. உறுப்பினர் ஆறு பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், சட்ட ஆலோசகர் என்று ஐந்து பேருக்குப் பதவி உண்டு. மிச்சமிருக்கும் பேதுருவை நாங்கள் ‘பொதுமக்கள்’ என்று அழைப்போம். மேடையில் ஏறிப் ‘பொதுமக்களே’ என்று தொடங்க ஒருவராவது வேண்டுமே. செயலாளர் யேசுரட்ணம் ஆகிய நான் நடந்தவற்றை உள்ளது உள்ளபடி பதிவு செய்கிறேன்.

முன்பெல்லாம் வாக்கெடுப்பு வைத்துத் தலைவரைத் தெரிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் தோற்றவர் வெளியேறிப் புதுக் கழகம் தொடங்கினார். நாற்பது பேர் ஆறு பேரானபோது சட்ட ஆலோசகர் ரொபேர் தலையிட்டார். அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசு அலுவலகமொன்றில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாத எதையும் நம்பமாட்டார். வாக்கெடுப்பு வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை இணையத்தில் போக்கர் ஆடுவோம், காசு வைக்காமல் புள்ளிக்கு ஆடுவோம், கடைசியில் மிஞ்சுபவர் தலைவர் என்றார். நாங்கள் எல்லோரும் “ஓம் ஓம்” என்றோம்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு ‘ஓம்’ என்றால் சம்மதம். அதையே இரண்டு தரம் சொன்னால், நீ சொல்வதைச் சொல், நான் செய்வதைச் செய்கிறேன் என்று பொருள். புதுச்சேரிக்காரருக்கு இந்த நுணுக்கம் பிடிபடாது. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்.

தலைவர் பதவியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தேங்காய் இருக்கிறது. தேர்த் திருவிழாவன்று ரூ பஜோல் தெரு முனையில் கழகத்தின் பெயரால் தேங்காய் குவிப்போம். தேர் வரும்போது முதல் தேங்காயை உடைப்பவர் தலைவர். தலைவர் யோகநாதன் பதினெட்டு வருடமாக ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். முதலாளி அவருடைய பெயரைப் பாதிக்கு மேல் சொன்னதில்லை. வருடத்தில் அந்த ஒரு நொடிதான் தெருவே அவரைப் பார்க்கும். அந்த நொடிக்காகச் செவ்ரானில் அவர் வீட்டு அலுமாரியில் ஒரு பட்டு வேட்டி வருடம் முழுக்கக் காத்திருக்கிறது. எனக்கு அந்த வேட்டியில் பொறாமை. அதையும் பதிவு செய்கிறேன்.

இந்த வருடம் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது யோகநாதன் ஒரு விசித்திரப் பழக்கத்துக்கு ஆளானார். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே பார்த்தார். என் தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஒரு கிழமை தடவித் தடவிப் பார்த்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் கைபேசி திருத்தும் உதயன் அவருக்கு ஒரு மென்பொருள் விற்றிருக்கிறான். நம்மோடு ஆடுபவர்களின் பழைய ஆட்டங்களையெல்லாம் அது வேவு பார்த்து வைத்துக்கொள்ளும். நூறு கையில் எத்தனை கைக்கு ஆள் இறங்குகிறார், எத்தனை தரம் கையில் ஒன்றுமில்லாமல் வெருட்டுகிறார், வெருட்டினால் எவ்வளவு சீக்கிரம் பயப்படுகிறார் என்ற வீதங்களைத் திரையில் அவரவர் பெயருக்கு மேலே காட்டும்; கேட்டால் புத்தியும் சொல்லும். மேலே பார்த்துப் பழகியவர் வீதியிலும் மேலே பார்த்தார்.

இது அநியாயம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நேரே உதயனிடம் போனேன்.

“அண்ணை, உங்களுக்கு மட்டும்தான் தாறன்,” என்றான். “வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

நியாயத்தை நிலைநாட்டும் பொருட்டு நானும் ஒன்று வாங்கினேன்.

துணைத் தலைவர் கரிகாலனின் வெருட்டு வீதம் எண்பத்து மூன்று என்று அது காட்டியது. அவருடைய பலசரக்குக் கடையில் அரிசி நல்லரிசி என்று அவர் சொன்னபோது எண்பத்து மூன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்பினேன். பொருளாளர் துஷ்யந்தி பன்னிரண்டு வீதம்தான் வெருட்டுகிறார் என்று அறிந்து அவரிடம் ஏனோ பயம் கூடியது. பிரெபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் விசா புதுப்பிக்கப் போனபோது, கடதாசி ஒன்று குறைகிறது என்று சொன்ன பெண்ணின் தலைக்கு மேலும் பார்த்தேன். அங்கே வெறும் மின்விளக்கு இருந்தது.

அடுத்த கழகக் கூட்டத்தில் ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கரிகாலன் என் தலைக்கு மேலே பார்த்தார். துஷ்யந்தி கரிகாலனின் தலைக்கு மேலே பார்த்தார். ரொபேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோகநாதனின் தலைக்கு மேலே பார்த்தார். பொதுமக்களும் மேலே பார்த்தார்கள். கூட்டம் மிக அமைதியாக முடிந்தது.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குப் போட்டி தொடங்கியது. அவரவர் வீட்டில் அவரவர் திரை. எனக்கு இரண்டு ராணி வந்தது. யோகநாதன் எவ்வளவு வைப்பார் என்று மென்பொருளைக் கேட்டேன். “எதிராளி எச்சரிக்கையானவர். ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கீழே வை,” என்றது. வைத்தேன். மற்ற ஐந்து பேரும் வைத்தார்கள். உதயன் ஆறு பேருக்கும் ஒரே மென்பொருளை ஒரே விதமாகப் பூட்டிக் கொடுத்திருந்ததால், ஆறு பேருக்கும் ஒரே புத்தி ஒரே நேரத்தில் வந்தது. கட்டாயமாக வைக்கவேண்டிய புள்ளிகள் மட்டும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நின்றன. நான்கு மணி நேரம் ஆடினோம். ஒருவரும் ஆடவில்லை.

ஆறு மணிக்கு மேசை உறைந்தது. அந்த இணையத்தளத்தாரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்களாம். ஆறு கணக்கும் ஒரே விதமாக ஆடுகின்றன, ஒரே அளவு நேரம் யோசிக்கின்றன, ஆகவே ஆறு பெயரில் ஆடுவது ஒரே ஆள் என்று அது கண்டுபிடித்திருக்கிறது. அந்த ஆள் பதினைந்து நாளுக்குள் அடையாள அட்டையோடு விளக்கம் தரவேண்டும்.

பிரெஞ்சில் கடிதம் எழுதவேண்டுமென்றால் நாங்கள் யாரிடம் போவோம்? ஆறு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியே யோசித்து, ரொபேரிடமே போனோம். ரொபேரும் தன்னிடமே போனார். அவரிடம் அழகான கடிதம் ஒன்று உண்டு. ‘நான் நானே, ஏனைய ஐவரும் எனக்கு அந்நியர்’ என்று அதே கடிதத்தை ஆறு தரம் அச்சடித்துப் பெயரை மட்டும் மாற்றினார். துஷ்யந்தியின் கடிதத்தில் மாற்ற மறந்ததால் அதில் யோகநாதன் என்றே இருந்தது. முகவரி ஆறுக்கும் கரிகாலனின் கடைதான். கழகத் தபாலெல்லாம் அங்கேதான் வரும்.

பதில் ஒரு கிழமையில் வந்தது. சந்தேகம் முழுமையாகத் தீர்ந்தது, நீங்கள் ஒரே ஆள்தான் என்று உறுதிப்படுத்தியிருந்தார்கள். கீழே நீல நிறத்தில் வட்ட முத்திரை. முப்பது வருடமாகத் தமிழர் ஒற்றுமைக்காக எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது எழுத்தில் வந்தது.

ரொபேர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். “இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார். “நாம ஒரே ஆளுதான்.”

“நீங்களுமா ஐயா?” என்று கேட்டேன்.

“பேப்பர்ல அப்படித்தானே போட்டிருக்கு.”

“அப்ப முதல் தேங்காய் ஆர் உடைக்கிறது?” என்று துஷ்யந்தி கேட்டார்.

யோகநாதன் நிலத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தரமாக அவர் கீழே பார்த்ததைக் கண்டேன். எனக்குப் பாவமாக இருந்தது.

ரொபேர் சட்டத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னார். தேங்காயை ஒரு ஆள்தான் உடைக்கவேண்டும். ஆறு பேரும் சேர்ந்தால்தான் அந்த ஒரு ஆள். ஆகவே ஆறு பேரும் சேர்ந்து பிடித்து உடைக்கவேண்டும்.

தேர் நாளன்று ரூ பஜோல் முனையில் ஒரு தேங்காயைப் பன்னிரண்டு கைகள் பிடித்துக்கொண்டு நின்றன. தேங்காய் வெளியே தெரியவில்லை. யோகநாதன் பட்டு வேட்டி கட்டியிருந்தார். அவர் மனைவி கோசலை எதிரே கைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் நெருங்கியது. தேர் திரும்பியது. யோகநாதன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை தலைக்கு மேலே பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

“கையை விடுங்கோ,” என்று மெதுவாகக் கேட்டார். “நான் உடைக்கிறன். இந்த ஒருக்கா மட்டும்.”

அந்த மனிதனுக்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். மற்றவர்களும் நினைத்திருப்பார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் பதில் சொன்னோம். இத்தனை வருடமாகியும் எங்கள் ஓமின் நுணுக்கம் பிடிபடாமல் நின்ற ரொபேருக்கும் அன்று அது பிடிபட்டது.

“ஓம் ஓம்.”

ஒருவரும் கையை எடுக்கவில்லை. தேர் எங்களைத் தாண்டிப் போனது. இணையத்தளத்தார் சொன்னதில் பிழையே இல்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.