பரராசசிங்கத்தாரும் தண்ணீர் கேளாத தோட்டமும்

கைவைக்காமல் இருக்கத் தெரியாத மனிதர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. வேகிற சோற்றுப் பானையை நாலு தரம் திறந்து பார்ப்பார், தூங்குகிற பிள்ளையைத் தட்டியெழுப்பி, "நித்திரையோ?" என்பார், ஒழுங்காக ஓடுகிற மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டி, அது நின்றதும், "நான் அப்பவே நினைச்சனான்" என்பார். உலகம் தன் பாட்டில் நடந்தால் இவருக்குப் பொறுக்காது.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் இந்த இனத்துக்குத் தலைவர் பரராசசிங்கத்தார். பீட்சாக் கடையில் கோப்பை கழுவினார். முதலாளி லோரென்சோ ஏரிக்கரையில் ஒரு விடுமுறை வீடு வாங்கி, தன் இத்தாலிக் கடற்கரை மாதிரியே தோட்டம் போட்டார். சரளைக்கல், லாவெண்டர், ரோஸ்மேரி, சட்டியில் ஓர் ஒலிவ் கன்று. ஆள் பார்க்கவே தேவையில்லாத தோட்டம்.

அந்த வேலைக்குக் கல் சுமந்த பரராசசிங்கத்தார் சும்மா சுமந்தாரா? "எரு போடாமலோ? மூலையில ரெண்டு வாழை வைப்பமே?"

லோரென்சோ இத்தாலிக்குப் புறப்பட்டார். "கள்ளர் வராமல் மனைவியோடு இங்கே இரு. தோட்டத்தில் நீ செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாதே. தண்ணீர் விடவே விடாதே. நான் வரும்போது இப்படியே இருந்தால் பின்னறை உங்களுக்கு."

பின்னறை! அதோடு ஒட்டிய குசினி! அகதிகள் விடுதியில் ஒற்றை அடுப்புக்கு வரிசையில் நின்று சலித்த மனைவி சுந்தரேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ. எனக்கு அந்தக் குசினி வேணும்."

"ஓமப்பா. நானென்ன சின்னப்பிள்ளையே?"

முதல்நாள் பார்த்தார். மறுநாள் குனிந்து பார்த்தார்.

"பாரும், லாவெண்டர் சாம்பல் பூத்துக் கிடக்கு."

"அதின்ர நிறமே அதுதான்!"

"ஒரு வாளியப்பா. ஒரேயொரு வாளி."

"தொட்டுப் பாருங்கோ, தெரியும்!"

ஆனால் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஊரில் மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்துப் பழகிய அந்தக் கை சரளையை வாரி ஒதுக்கி, பாத்தி கட்டி, வாய்க்கால் வெட்டி, குழாயை இழுத்துவந்து திறந்துவிட்டது. அன்றிலிருந்து காலையும் மாலையும் இறைப்பு. லாவெண்டர் கறுத்தது. "தண்ணி காணாது!" இன்னும் விட்டார். ரோஸ்மேரி அழுகியது. "பாத்தீரோ, நான் சொன்னனான்!" இன்னும் விட்டார். இரண்டு தவளைகள் குடிவந்தன. சுந்தரேஸ்வரி ஒலிவ் கன்றைச் சட்டியோடு குசினிக்குள் இழுத்து வைத்துக் கதவைப் பூட்டினாள்.

லோரென்சோ வந்தார். சேற்றைப் பார்த்தார். தவளை அவரைப் பார்த்தது.

"தோட்டம் எங்கே?"

சுந்தரேஸ்வரி குசினிக் கதவைத் திறந்துவிட்டாள். ஒலிவ் கன்று புதுத் தளிரோடு நின்றது.

அவர் நெடுநேரம் அதைத் தடவினார். பிறகு பின்னறைப் பூட்டின் திறப்பை அவளிடம் நீட்டினார். தண்ணீர்க் குழாயின் திறப்பையும் அவளிடமே கொடுத்தார். "இந்த மனிதரும் இருக்கலாம். கை பொக்கெற்றுக்குள் இருக்கட்டும்."

புதுச் செடி நட்டாயிற்று. பரராசசிங்கத்தார் யன்னலடியில், கை பொக்கெற்றுக்குள். ஒருநாள் மழை வந்தது. கொட்டுகிற மழையைக் கடைசித் துளிவரை கண்காணித்துவிட்டுத் திரும்பினார்.

"சரியாப் பெய்யேல்லையப்பா. அந்த மூலை நனையேல்லை."

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். ஆனால், இந்தக் கதையில் மழையை இன்னும் இரண்டு வரி பெய்யவிட்டிருக்கலாம் என்று உங்களுக்கு இப்போது தோன்றியதே, வாசகரே, தயவுசெய்து கையைப் பொக்கெற்றுக்குள் வையுங்கள்.