மாங்கனீசு தெரிய வேண்டி மச்சானுக்கு

மணிமங்கலம் மச்சான் ஜீவானந்தம் அவர்களுக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து டில்லிபாபு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை முனியம்மாளும் நலம், என் வலது கை நீங்கலாக. நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் குடி காரணம் இல்லை.

உங்கள் கிரகப்பிரவேசத்தில் உங்கள் சம்பந்தியின் வேட்டியில் காபியைக் கொட்டினேன், உண்மைதான். அதற்காக நாலு பேர் முன்னால் குடிகாரன் என்று சொல்லிவிட்டீர்கள். ஒரகடத்தில் பதினாறு வருடம் வெல்டிங் செய்தவன் கை நடுங்கினால் ஊருக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது. சூப்பர்வைசர் சிவசங்கரும், "இன்னா டில்லி, காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டியா?" என்கிறான். மாதக் கடைசியில் என்னை லைனை விட்டே இறக்கப் போகிறார்களாம். சென்னையில் ஒரு டாக்டரம்மாதான் என்னை நம்பினார். வெல்டிங் புகையில் இருக்கும் மாங்கனீசு மூளையில் போய் உட்கார்ந்தாலும் இப்படி நடுங்குமாம். ஆராய்ச்சிக்காகப் புதிதாக ஒரு ஊசி மருந்து வைத்திருக்கிறார்கள், இரும்பில் செய்தது. நரம்பில் ஏற்றினால், மாங்கனீசு இருக்கும் இடம் மட்டும் ஸ்கேன் படத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு உலோகத்தைக் காட்டிக்கொடுக்க இன்னொரு உலோகம். தெரிந்துவிட்டால் நான் குடிகாரன் இல்லை.

விடுவேனா? எங்கள் லைனில் ஷிப்ட் முடிந்ததும், உள்ளே போன புகையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். ஸ்கேனுக்கு முன்பே மாங்கனீசும் போய்விட்டால் என்ன செய்வது என்று மூன்று வாரம் வெல்லத்தைத் தொடவில்லை. மாஸ்க்கையும் கழற்றிவிட்டு ஓவர்டைம் பார்த்தேன். உங்கள் தங்கையோ எனக்குத் தெரியாமல் கூழில் வெல்லத்தைக் கரைத்திருக்கிறாள். கேட்டால், "உள்ள கீறதெல்லாம் வெளிய போவட்டும்யா" என்கிறாள். சாட்சியைக் கலைக்கிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நேற்று அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு ஸ்கேனுக்குப் படுத்தேன். உடம்பில் வேறு உலோகம் ஏதாவது உண்டா என்று ஸ்கேன்காரர் கேட்டார். அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள் பயத்தோடு கிடந்தேன். ஒன்றும் இல்லை என்று வந்துவிடுமோ என்ற பயம்தான்.

ஆகவே மச்சான், கோபத்தை விட்டுவிட்டு, என் மூளையில் மாங்கனீசு நிறைய இருக்க வேண்டும் என்று ஒரு தேங்காய் உடையுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
குடிக்காத
டில்லிபாபு

பின்குறிப்பு: தேங்காய் வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் போனில் முடிவு வந்துவிட்டது. மூளையில் இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிகிறது. முனியம்மாளிடம் படத்தைக் காட்டி, ஜெயித்துவிட்டேன் என்றேன். அப்புறம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, இந்த மாங்கனீசை எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டேன். மூளையில் கெட்டது கெட்டதுதானாம், நடுக்கம் இனிமேல் கூடத்தான் செய்யுமாம். குடியாகவே இருந்திருக்கலாம் மச்சான். விட்டுத் தொலைத்திருப்பேன்.