காளான் இடத்தை நான் மறைக்கவில்லை

சேன் மர்சியால் கிராமம்,
அக்டோபர், மழை விட்ட ஒரு மதியம்.

பாசத்துக்குரிய மைத்துனன் ழில்பேருக்கு, அத்தான் அர்மான் எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அக்கா இவெத்தும் நானும் சுகம். என் இடது முழங்காலும் மழையில்லாத நாட்களில் சுகம். அவ்விடம் உன் சுகத்துக்கும் உன் பூனையின் சுகத்துக்கும் தவறாமல் எழுதவும். மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"லீல் நகரத்துல உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க அத்தான், கொரேஸ் பக்கம் ஒரு கிராமத்துல வீடு பிடிச்சு நிம்மதியா இருங்க, அங்க ஒண்ணுமே நடக்காது" என்று ஈஸ்டர் விருந்தில் ஆட்டுக்கறியை மென்றுகொண்டே சொன்னவன் நீ. அதை நம்பி வந்தேன். இப்போது நான் காலையில் செய்தித்தாள் வாங்கப் போனால், பின்னாலேயே மூன்று பேர் நாயை நடத்திக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒருவருக்கு நாயே கிடையாது. வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

நடந்ததைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். போன வாரம் நானும் இவெத்தும் ஊரைச் சுற்றியுள்ள காட்டில் உலாவப் போனோம். வரைபடம் என் கையில். சாலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஊர்ப் பலகையும் அம்புக்குறியும் நட்டவன் நான். வடக்கே எவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நான் சொல்லித் திரும்பியதுதான். அப்படிப்பட்ட நான் வழி தவறினேன் என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஆனால் அந்தக் காட்டில் ஒரு பலகை இல்லை, ஓர் அம்புக்குறி இல்லை, பாதை தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது, நான் என்ன செய்வேன்? எங்கோ ஓரிடத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். அந்த நேரத்தில் உன் அக்கா, சும்மா இருப்பானேன் என்று, பாலாடைக்கட்டி வாங்க எடுத்து வந்த கூடை நிறைய, இங்கே தங்கமாக மதிக்கிற சேப் காளானாகப் பறித்துவிட்டாள். குண்டு குண்டாக, கறுத்த தலையும் கொழுத்த காலுமாக. பிறகு நான் வழிகாட்ட, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் நான் செய்தது ஒரு பொறுப்புள்ள குடிமகன் செய்ய வேண்டியது. விஷக் காளானாக இருந்தால் என்ன ஆவது? இங்கெல்லாம் காளானைச் சோதித்துச் சொல்வது மருந்துக்கடைக்காரர்தான், அவரிடம் காட்டிவிடுவோம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்று சந்தை. கூடையை மூடாமல், தேவாலயத்து மைதானத்தின் நடுவே, எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன். இந்த ஊர்க்காரன் எவனும் காளானைப் பறித்தால் மேலே இலையைப் போட்டு மூடி, அதன்மேல் சட்டையைப் போட்டு மூடி, கொல்லைப்புறமாகச் சுற்றி வருவானாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. கறிக்கடைக்காரர் ஓங்கிய கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு அடங்கிப்போன சந்தையை நான் அன்றுதான் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் கூடையைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், திரையை இழுத்துவிட்டார், என் காதருகே வந்து எங்கே பறித்தது என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். "தெரியாதுங்க, வழி தவறிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மெதுவாகத் தலையசைத்து, தொப்பியைக் கழற்றினார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. இந்த ஊரில் ஒருவன் தன் காளான் இடத்தைச் சொல்லமாட்டான், பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டான், சாகும்போதுதான் பிள்ளைக்குச் சொல்வான். அதுவரை யார் கேட்டாலும் "தெரியாது, வழி தவறிட்டேன்" என்பதுதான் பதில். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து ஒரே வாரத்தில் அந்தப் பதிலை அச்சுப் பிசகாமல் சொன்னதில் ஊருக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் எனக்கென்று நன்றாக வெந்ததை எடுத்து வைக்கிறார். இரும்புக்குண்டு ஆட்டத்தில் நான் தோற்றால் என்னோடு சேர்ந்து தோற்கிறார்கள். தபால்காரம்மா என் காலணியைப் புரட்டி மண் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் தபாலைக் கொடுக்கிறார். நான் சத்தியம் செய்யச் செய்ய மரியாதை ஏறிக்கொண்டே போகிறது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை ழில்பேர். மதாம் லாபோர்த் விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் இருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். கணவர் பெர்னான் போன குளிர்காலத்தில் காலமானார். தினமும் எங்களுக்குக் காய்கறி சூப் கொண்டுவந்து கொடுப்பவர், அன்று சமையலறையில் அந்தக் காளான்களைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றை எடுத்து முகர்ந்தார், அடியில் ஒட்டியிருந்த சாம்பல் நிற மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது அவரோட காளான். நாப்பது வருஷம் இதைத்தான் நான் கழுவினேன். விடியறதுக்கு முன்னாடி போவார், மத்தியானம்தான் வருவார். எங்கன்னு கேட்டா, சாகறப்ப சொல்றேன்டீம்பார். தூக்கத்துலயே போயிட்டார்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், "பறிக்கறதுக்குக் கேக்கலை முசியே. அந்த மனுஷன் தினம் போய் நின்ன இடத்துல ஒரு தடவை நான் போய் நிக்கணும். அவ்வளவுதான்."

நான் என்ன சொல்வேன்? தெரியாது என்றேன், வழி தவறிவிட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் புருஷன் ஊருக்கெல்லாம் சொன்ன அதே பதில் அது. மறுநாள் சூப் வரவில்லை. எங்கள் பக்கத்து ஜன்னல் கதவையும் சாத்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆனால் வந்தது. இவெத்திடம் உனக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். மூன்று காலை நானே தேடிப் போனேன். பின்னால் நாய்கள், கயிறு, கறிக்கடைக்காரரின் மச்சான், எல்லாரும் வந்தார்கள். நான் நின்றால் நின்றார்கள், நான் மூக்கைச் சிந்தினால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் மொத்தப் பேரும் சேர்ந்து பக்கத்து ஊரில் போய் விழுந்தோம். அங்கே குடித்த காப்பிக்கு என்னைப் பணம் கொடுக்கவிடவில்லை.

போன ஞாயிறு வேட்டைக்காரர்கள் விருந்து. காட்டுப்பன்றிக் குழம்பு, ஊரே கூடியிருந்தது, மதாம் லாபோர்த்தும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இதுதான் சமயம் என்று நான் எழுந்து நின்றேன். நா கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டேன். "இதோ பாருங்க, நான் சாலைத் துறைல பலகை நட்டவன். நான் வழி தவறினேன்னு சொல்றது எனக்கே கேவலம். இருந்தும் சொல்றேன். தவறிட்டேன். அந்த இடம் எங்கேன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது" என்றேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊர்த்தலைவர் முசியே பெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "எங்கப்பாவுக்கு அப்புறம் இப்படிச் சொல்ற ஆளை நான் பார்க்கலை" என்றார். மதாம் லாபோர்த் மட்டும் தட்டில் இருந்ததைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். என்னத்தைச் சொல்ல, என்ன சொன்னாலும் நம்பமாட்டேங்கிறாங்கடா ழில்பேர், பொய் சொல்லிடலாம்னு பார்த்தா பொய் சொல்றதுக்கும் ஓர் இடம் தெரியணும்.

எனவே நீ செய்ய வேண்டியது, நான் கல்யாணமான நாள் முதல் எங்கெங்கே வழி தவறியிருக்கிறேன் என்று மதாம் லாபோர்த்துக்கு உடனே ஒரு கடிதம் எழுது. உன் கல்யாணத்தன்று வேறு தேவாலயத்துக்குப் போனதை அவசியம் சேர். உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் ஆசி. பூனைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
எதையும் மறைக்காத உன் அத்தான்
அர்மான்

பின்குறிப்பு: தம்பி, இதை அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி உங்க அத்தான் குடுத்தது ரெண்டு நாளா என் பையிலேயே கிடக்கு. நீ ஒண்ணும் எழுத வேண்டாம். வழி தவறினது அவர்தான், நான் இல்லை. அந்த இடம் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டிலேருந்து அஞ்சு நிமிஷம். அன்னிக்கு அவர் என்னைக் காடெல்லாம் சுத்திக் கூட்டிட்டுப் போய் அங்கதான் உட்கார்ந்தார். வழி விஷயத்துல யாராவது திருத்தினா அவருக்குப் பிடிக்காதுன்னு பேசாம இருந்தேன். ஊரே அவர் பின்னாடி போனதால என் பின்னாடி ஒருத்தரும் வரலை, தினம் ரொட்டி வாங்கப் போறப்ப ஒரு பை பறிச்சுட்டு வந்து காயவெச்சு, பெட்டியில அவரோட சட்டைக்கு அடியில வெச்சிருக்கேன். அவர்கிட்ட சொன்னா உடனே அங்க ஒரு பலகை நட்டுடுவார்.

மதாம் லாபோர்த்தோட முகத்தைத்தான் பார்க்க முடியலை. நேத்து காலைல அவங்களை மட்டும் கூட்டிட்டுப் போனேன். போய் நின்னாங்க. கொஞ்சம் அழுதாங்க. அப்புறம் சுவருக்கு மேல எட்டிப் பார்த்து, தன் வீட்டுக் கூரையைப் பார்த்து, "இங்கயா?"ன்னாங்க. ஆமாம்னேன். "அஞ்சு நிமிஷம் நடந்தா வர்ற இடத்துக்கா விடியறதுக்கு முன்னாடி கிளம்பி மத்தியானம் வந்தார்? நாப்பது வருஷம்?"னாங்க. வர்ற வழியில ரொட்டிக்கடைல, கறிக்கடைல, மருந்துக்கடைல, தபாலாபீஸ்ல எல்லாம் நின்னு, பெர்னான் மத்தியானம் வரைக்கும் எங்க இருப்பார்னு கேட்டாங்க. எல்லாரும் தெரியாதுங்கறாங்க, தபால்காரம்மா மட்டும் தெரியாதுன்னு கூடச் சொல்லாம உள்ள போயிட்டா.

கல்லறைத் திருநாளுக்குப் புருஷனுக்கு வைக்க வாங்கியிருந்த சாமந்தித் தொட்டியை இன்னிக்குக் காலைல எங்க வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. கல்லறைப் பூவை வீட்டுல கொண்டாந்து வெச்சா என்ன அர்த்தம்னு உங்க அத்தான் பயந்துபோய், கதவைப் பூட்டிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கார். அந்தக் கோபம் பெர்னான் மேலன்னு நான் சொல்லலை.