மரகதவல்லியின் டேப்புகளில் ஒன்றுகூடத் தொலையவில்லை

ஒரு காட்டில், எந்தப் பொந்து யாருடையது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதை டேப்பில் பேக்கப் எடுத்துக் குகையில் அடுக்கி வைக்கும் அளவுக்கு நிர்வாகம் முற்றிப் போயிருந்தது. குகைக்குப் பொறுப்பு மரகதவல்லி என்ற உடும்பு. பிடித்தால் விடாத இனமாயிற்றே, அதனிடம் வந்த டேப் எதுவும் தொலைந்ததில்லை. அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஒருநாள் கொள்முதல் அதிகாரியான நரி டேப்பில் எழுதவும் படிக்கவும் செய்கிற மெஷினான டேப் டிரைவ் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தது. "பழைய டேப் பத்துல அடங்குறது இனிமே ஒண்ணுல அடங்கிடும்!" என்றது. காடே கைதட்டியது.

"இதுல நம்ம பழைய டேப் ஓடுமா?" என்று கேட்டது மரகதவல்லி.

"ஓடாதுக்கா. இதுக்குப் புது டேப்தான்."

"அப்போ பழசுல இருக்கறதைப் புதுசுக்கு மாத்திட்டு, அப்புறம் பழைய டிரைவை அனுப்பலாமே?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் புதுப் பொருள் வந்தால் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது அந்தக் காட்டின் வழக்கம். எக்ஸ்சேஞ்ச் லாரி வேறு வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"நல்ல நேரம் முடியப் போகுது. ரிப்பனை நீங்கதான் வெட்டணும்னு ராஜாவே சொல்லிட்டார்க்கா" என்று கத்தரிக்கோலை நீட்டியது நரி. உடும்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்டியது. பழைய டிரைவ் லாரி ஏறியது.

மறுநாளே நரி கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவுகளை அழித்து இடம் பண்ணியது. "அதான் டேப்புல இருக்கே" என்று சமாதானம் வேறு.

மழை தொடங்கியதும் ஒரு கழுதைப்புலி குடும்பத்தோடு வந்து மரகதவல்லியின் பொந்தில் குடியேறியது. "இது எங்க தாத்தா சொத்து. உன்னுதுன்னா ஆதாரத்தைக் காமி."

தன் பொந்தின் பதிவு எந்த டேப்பில் இருக்கிறது என்று உடும்புக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு சிங்கராஜாவிடம் ஓடியது.

சிங்கம் டேப்பை முன்னும் பின்னும் பார்த்தது. காதருகே வைத்து ஆட்டியது. "இதைப் படிக்கிற மெஷின் எங்கே?"

"எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சுங்க ராஜா."

"ரிப்பன் வெட்டினது யாரு?"

"நான்தாங்க" என்று தலைகுனிந்தது மரகதவல்லி.

சிங்கம் உடனே குகையைத் தணிக்கை செய்யச் சொன்னது. போய் வந்த நரி, "எல்லா டேப்பும் இருக்கு ராஜா. ஒரு தூசி இல்லை!" என்றது. சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு ஊழியரா! அங்கேயே தீர்ப்பு வந்தது. சிறந்த பேக்கப் காப்பாளர் விருது மரகதவல்லிக்கு. ஆதாரம் எதையும் யாரும் படித்துக் காட்டாததால் பொந்து கழுதைப்புலிக்கு.

போர்த்திய சால்வையோடு வெளியே வந்த உடும்பு, கொட்டுகிற மழையில் நின்று வாய்விட்டு அழுதது. விருதை வைக்கக்கூட அதற்கு வீடு இல்லை. நரி குடையோடு ஓடிவந்து, "அக்கா, டேப் நனையுது பாருங்க!" என்று பதறியது. மரகதவல்லி சட்டென்று சால்வையைக் கழற்றி டேப்பைச் சுற்றிக்கொண்டு குகைக்கு ஓடியது.

நீதி: பேக்கப்பைத் தொலைத்தால்தான் குற்றம், அதைப் படித்துப் பார்க்க ஆசைப்படுவது அதிகப்பிரசங்கித்தனம்.