மெரூன் என்று நான் சொன்ன கருப்பு

எங்கள் வீட்டில் எல்லப்பன் என்ற பெயருக்கு ‘காரியத்தைக் கெடுப்பவர்’ என்று அர்த்தம். ரசத்தில் உப்பு தூக்கலாகிவிட்டால்கூட “எல்லப்பன் கைபட்டிருக்கு” என்பார்கள். நானும் சிரிப்பேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அந்த மனிதர் எதையும் கெடுக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் மாத இதழோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிவிட்டு (மூன்றாவது முயற்சியில், முதல் இரண்டில் என்னென்ன அழிந்தது என்று கேட்காதீர்கள்) மேற்கு மாம்பலம் முழுக்க உபதேசம் செய்துகொண்டிருந்தேன். படம் வரைகிற மென்பொருள் இலவசம், அதன் உள்ளே யாரும் எட்டிப் பார்க்கலாம், தப்பு இருந்தால் யாரும் சொல்லலாம், திருத்தலாம் என்று. காய்கறிக்காரர்கூடத் தப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுதா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை நான்தான் வரைவேன் என்று அடம்பிடித்தேன். பிள்ளையார், வாழைமரம், நாதஸ்வரமெல்லாம் பழசு. நடுவில் வெள்ளை, சுற்றிலும் விரல் அகலத்துக்கு அடர் மெரூன் பார்டர். மானிட்டரில் பட்டுப்புடவைக் கரை மாதிரி ஜொலித்தது. “நன்னா இருக்குடா” என்றாள் அக்கா. தமிழ் எழுத்தை மட்டும் அச்சகத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. (என் லினக்ஸில் தமிழ் வரவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.)

எல்லப்பனின் அச்சகம் தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்தது. முதலில் வெளியூர்க்காரர்களுக்கு அனுப்ப நாற்பது கார்டு அடிப்பதாகப் பேச்சு. மை காயாத முதல் கார்டை அவர் என்னிடம் நீட்டினார்.

“இன்னா தம்பி இது, பார்டர் கருப்பா கீது? கருமாதி கார்டு மாதிரி!”

“அது மெரூன் சார்.”

“பொட்டி வெளிச்சத்துல செவப்பா தெரியும் தம்பி. பேப்பர்ல அடிச்சா கருப்புதான். மாத்திக்கினு வா, நாளைக்கு அடிச்சித் தரேன்.”

கார்டை வெயிலில் தூக்கிப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். மெரூன் தெரிந்தது. (தெரியவில்லை. தெரிந்ததாகச் சொன்னேன்.) யாரும் திருத்தலாம் என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவன், என் பார்டரைத் திருத்த ஒருவரையும் விடவில்லை. “அப்படியே அடிங்க” என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவாள், என் கலை பாழாகிவிடும். அதனால் பக்கத்துத் தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து விலாசம் எழுதி, நாற்பதையும் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

நான்காம் நாள் காலை, தெருமுனையிலிருந்தே அழுகுரல். கும்பகோணத்திலிருந்து ராஜி அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கண்ணில் புரை விழுந்தவள். கருப்புக் கரையும், பெரிய எழுத்தில் அண்ணன் பெயரும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. கார்டைக் கிழித்துப் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள்.

“அண்ணா! ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே!”

கதவைத் திறந்தவர் அப்பாவேதான். முகமெல்லாம் ஷேவிங் சோப்பு. “யாரு போயிட்டா?” என்றார்.

தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. சோப்பு நுரையோடு அப்பாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“கருப்பா இருக்குன்னு யாருமே சொல்லலையாடா உங்கிட்ட?” என்று அக்கா கேட்டாள், அத்தை கார்டைப் பற்றிச் சொன்னதும்.

“இல்லக்கா. அச்சகத்துல மையை மாத்தித் தொலைச்சுட்டா.”

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போய் எல்லப்பனைக் காய்ச்சி எடுத்துவிட்டார். எல்லப்பன் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

“தப்பு நடந்துபோச்சு சார். வேற அடிச்சித் தரேன்” என்றார் அப்பாவிடம். மறுநாளே தந்தார். பிள்ளையார், வாழைமரம், நாதஸ்வரம். காசு வாங்கவில்லை.

பிறகு மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அந்தச் சந்துக்குப் போனேன். இரண்டு முறையும் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது.

போன மாதம் அக்கா பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அக்கா போனில் சிரித்தாள். “பயப்படாதே, எல்லப்பன்கிட்டக் குடுக்கலை!”

“அக்கா, அன்னிக்கு அச்சகத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லை. பத்திரிகை நன்னா இருக்கு.”