அசையாத பஞ்சும் நாலு இறாலும்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் இனி சோபாவை விட்டு எந்திரிக்கிறதில்லைன்னு சோபாக்காரர் சபதம் எடுத்தார். வாரம் பூரா ஊரார் சோபாவைப் பிரிச்சு, பஞ்சு அடைச்சு, உறை தைக்கிற மனுஷன். சொந்த சோபாவுல படுக்கக் கிடைக்கிறது அந்த ஒரு மத்தியானம்தான். அதுலயும் பொண்டாட்டி மண்ணள்ளிப் போட்டா.

"ஏங்க, பரண்ல ஒட்டடை தொங்குது. ஏறிச் சுத்தம் பண்ணுங்க."

டிவியில மகள் கார்ட்டூன் பார்த்துக்கிட்டிருந்தா. கடலுக்கடியில ரோஸ் கலர் கடற்பஞ்சு ஒண்ணு குதிச்சுக் குதிச்சு ஆடிச்சு. சோபாக்காரருக்குப் பளிச்சுன்னு வழி தெரிஞ்சுது.

"பொய் பாப்பா, அத்தனையும் பொய்! நிஜப் பஞ்சு பாறையைப் பிடிச்சா பிடிச்சதுதான். கை கிடையாது, கால் கிடையாது. தண்ணியை உள்ள இழுக்கும், வெளிய விடும். அதுலயே கடல் சுத்தமாயிடும்." பொண்டாட்டி பக்கம் ஓரக்கண் போட்டார். "படுத்துக்கிட்டே செய்யறதும் வேலைதான்."

சண்டைக்கு வருவான்னு பார்த்தா, அவ பக்கத்துல வந்து உக்காந்தா.

"அந்தப் பஞ்சுக்குள்ள யாராச்சும் குடியிருப்பாங்களா?"

"பின்னே? உடம்பு பூரா ஓட்டை. ஒரே பஞ்சுல நூத்துக்கணக்குல குட்டி இறால் குடும்பம் நடத்தும். டக்கு டக்குன்னு சொடக்குப் போடும்."

"பஞ்சு கோச்சுக்காதா?"

"சாது."

"எந்திரிச்சு ஓடிடாதா?"

"காலே இல்லேங்கிறேன்!"

"பாவம்"னு தலையணையைச் சரி பண்ணிட்டுப் போனா.

நீலத் திரைச்சீலை மெல்ல உப்பிச்சு. அறை பூரா நீல வெளிச்சம். மேல ஃபேன், பெரிய திருக்கை மாதிரி வட்டம் போட்டுச்சு. சோபா கீழே, இன்னும் கீழே இறங்கிச்சு. தண்ணி உள்ள வந்துச்சு, வெளிய போச்சு. வெள்ளி மீனுங்க கூட்டமா வந்து காதைத் தொட்டுட்டு நழுவிச்சு. ஊசி இல்லை, நூல் இல்லை, அவசரப்படுத்தற ஆள் இல்லை. எங்கயோ தூரத்துல டக்கு... டக்கு...

சொடக்கு கிட்ட வந்துச்சு. கண்ணைத் திறந்தா, வயித்து மேல ஒண்ணு, முட்டி மேல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பசங்க. தலைமாட்டுல மகள் கத்தினா: "இறாலெல்லாம் வரிசையா உள்ள போங்க!"

வாசல்ல பொண்டாட்டி புதுச் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா. கூடவே பசங்களோட அம்மா.

"நானும் அக்காவும் சினிமாவுக்குப் போயிட்டு வர்றோங்க."

"நாலையும் என் தலையில கட்டிட்டா?"

"நகராத ஆளை நம்பித்தானேங்க விட முடியும்?"

கதவு சாத்திக்கிச்சு.

"மாமா, வாயைத் திறங்க, நான் குடிவரணும்!"

மனுஷன் பல்லைக் கடிச்சுப் பார்த்தார். ஒரு இறால் காதுக்குள்ள சொடக்குப் போட்டதும் துள்ளி எந்திரிச்சார். பசங்களுக்கு எட்டாத இடம் வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான். பரண்ல ஏறி, ஏணியையும் மேல இழுத்துக்கிட்டார். உக்கார இடமில்லை. ஒரு மூலையைத் துடைச்சார். காலை நீட்டணுமே, இன்னொரு மூலை. முதுகு சாய இன்னும் கொஞ்சம்.

பொண்டாட்டி வந்து அண்ணாந்து பார்த்தப்போ பரண் பளபளன்னு இருந்துச்சு.

"அடுத்த ஞாயிறு குளியலறைங்க"ன்னா. "உள்தாழ்ப்பாளெல்லாம் கெட்டியா இருக்கு. பசங்களையும் வரச் சொல்லிட்டேன்."